இரண்டாவது கொம்பைலர் எதற்கு?

நெடுந்தீவில் ஒருவர் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் தமிழ்ச் செய்தி வாசிக்கிறார் என்றால், அந்த எழுத்துகளின் வளைவுகளைத் திரையில் வரைந்து கொடுப்பது பிரீடைப் என்ற மென்பொருள். 'கெ' என்று வரும் இடத்தில் கொம்பை எடுத்து முன்னால் வைப்பது ஹார்ப்பஸ் என்ற இன்னொரு மென்பொருள். முன்னது சி மொழியிலும் பின்னது அதன் வழிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியிலும் எழுதப்பட்டவை. தொலைபேசியின் அடித்தளமான லினக்ஸ் கேர்னலும் பெரும்பாலும் சி மொழிதான். ஆனால் உள்ளே இருக்கும் புரொசெசருக்கு சி மொழி தெரியாது. இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, பூச்சியமானால் தாண்டிப் போ என்ற மாதிரியான சின்னச் சின்னக் கட்டளைகள் மட்டுமே அதற்கு விளங்கும். மனிதர் எழுதிய நிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கொம்பைலர். பாடப்புத்தகங்கள் தொகுப்பான் என்று சொல்வது இதைத்தான். ஒரே நிரலை ஆயிரம் விதமாக மாற்றலாம். ஆயிரமும் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் வேறுபடலாம். ஆகவே ஒரு கணினியில் இரண்டு கொம்பைலர்கள் இருந்தால், எது வேகமான நிரலைத் தருகிறது என்ற கேள்வி தானாகவே எழும். நாற்பது வருடமாகக் கணினி உலகம் அதை விடாமல் கேட்டு வருகிறது. இரண்டு கொம்பைலர்களை ஒப்பிடுவதால் கிடைக்கும் பயன்களில் ஆகக் குறைந்தது அந்த வேகக் கணக்குத்தான் என்பது என் கட்சி. இரண்டும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பதில்தான் பெரும்பயன் இருக்கிறது.

போட்டி சூடுபிடித்தது 1980களின் பிற்பகுதியில். சன், எச்.பி., டெக், சிலிக்கன் கிராபிக்ஸ், ஐ.பி.எம். என்று ஒவ்வொரு நிறுவனமும் பெரும்பாலும் தன் சொந்தப் புரொசெசரையும் தன் சொந்த யுனிக்ஸ் இயங்குதளத்தையும் வைத்து வேர்க்ஸ்டேஷன் விற்ற காலம் அது. ஆய்வுகூடங்களும் பொறியியல் நிறுவனங்களும் வாங்கிய, மேசையில் வைக்கக்கூடிய, விலை கூடிய இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிறுவனமே எழுதிய சி கொம்பைலர் உண்டு. இவற்றுக்கெல்லாம் எதிரே ஒற்றையாக நின்றது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி. அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். 1992இல் சொலாரிஸ் 2 வந்தபோது, அதுவரை இயங்குதளத்தோடு சேர்த்துக் கொடுத்த கொம்பைலரை சன் பிரித்தெடுத்துத் தனியாக விலைவைத்தது. பிறகென்ன, சன் பாவனையாளர்கள் பலர் ஜிசிசி பக்கம் சாய்ந்தார்கள். டெக்கின் அல்பா இயந்திரங்களிலோ நிலைமை வேறு: தசம எண் கணக்கு மிகுந்த நிரல்களில் அந்த நிறுவனத்தின் கொம்பைலர் ஜிசிசியைத் தெளிவாக முந்தியது. இதையெல்லாம் அட்டவணை போட்டு ஒப்பிடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்தக் காலம் வரவேயில்லை. 1990இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது, பற்றரிகூடத் தடைப்பொருள். சன்னா அல்பாவா என்று உலகம் வாதாடிய வருடங்களில் இங்கே ஜாம் போத்தல் விளக்கு. அதனால் வந்த ஒரே அனுகூலம், எந்த இயந்திரத்தின் மீதும் பழைய விசுவாசம் இல்லாமல் அந்தக் கணக்குகளை நாம் புரட்டிப் பார்க்கலாம் என்பதுதான்.

முதலில், வேகத்தை அளப்பது எவ்வளவு வழுக்கலான வேலை என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். இன்று லினக்ஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் முக்கிய சி கொம்பைலர்கள் இரண்டு: ஜிசிசி, கிளாங். ஒன்றிலிருந்து நூறு கோடி வரையான எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டும் ஒரு சுற்றை எழுதி, எல்லையைப் பாவனையாளரிடம் கேட்டு வாங்குமாறு வைத்து, வேகப்படுத்தும் தெரிவோடு இரண்டிலும் மாற்றி ஓட்டுங்கள். ஜிசிசி வழக்கமாகச் சுற்றைச் சுற்றாகவே வைத்து, ஒரு தடவைக்குப் பல எண்களைச் சேர்த்துக் கூட்டும் விசேட கட்டளைகளைப் போட்டு விரைவுபடுத்தும். கிளாங் சுற்றையே தூக்கி எறிந்துவிடும். இது கூட்டுத்தொடர் என்று கண்டுகொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தைப் போட்டு, ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் விடையைத் தந்துவிடும். மணிக்கூட்டைப் பார்த்தால் கிளாங் பல்லாயிரம் மடங்கு வேகம். இதை வைத்துக் கிளாங் பல்லாயிரம் மடங்கு நல்ல கொம்பைலர் என்று எவராவது எழுதினால் சிரிப்போம். நிஜ நிரல்களில் ஒன்று முதல் நூறு கோடி வரை கூட்டுவோர் யார்? இன்னொரு படி போங்கள். கூட்டிய விடையை எங்கும் அச்சிடாமல் விட்டுவிட்டால், பயன்படாத வேலையை ஏன் செய்ய வேண்டும் என்று இரண்டு கொம்பைலர்களும் முழுச் சுற்றையும் அழித்துவிடும். இரண்டுக்கும் நேரம் பூச்சியம். சோதிப்பவர் இயந்திரத்தை அளப்பதாக நினைத்திருப்பார். அளந்தது தான் எழுதிய கேள்வியின் அசட்டுத்தனத்தை.

இது கற்றுக்குட்டிகளின் தவறு மட்டுமாக இருந்திருந்தால் பேச்சை இதோடு விட்டுவிடலாம். 1984இல் சீமென்ஸ் நிறுவனத்தின் ரைன்ஹோல்ட் வைக்கர் டிரைஸ்டோன் என்ற வேகச் சோதனையை உருவாக்கினார். அக்கால நிரல்களின் இயல்பான கலவையைப் பிரதிபலிக்கட்டும் என்று கவனமாகக் கட்டியது. அதில் முப்பது எழுத்து நீளமான சொற்றொடர்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பிரதி செய்யும் பகுதி உண்டு. நீளம் எப்போதும் மாறாதது என்று கண்ட கொம்பைலர்கள் அந்தப் பிரதிவேலையைச் சில நேரடிக் கட்டளைகளாகச் சுருக்கின, புள்ளி உயர்ந்தது, நிஜ நிரல்கள் அந்த அளவுக்கு உயரவில்லை. இத்தகைய சின்னச் சோதனைகளின் குறையைத் தீர்க்கத்தான் 1988இல் நிறுவனங்கள் கூடி ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கி, மறு வருடம் நிஜ நிரல்களைக் கொண்ட தொகுதியை வெளியிட்டன. அதற்குள்ளும் ஓட்டை இருந்தது. மேட்ரிக்ஸ்300 என்ற நிரலில் (அது போர்ட்ரான் மொழியில் எழுதியது, ஆனால் பாடம் ஒன்றே) நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் ஒற்றை வரியில் கழிந்தது. அந்த வரியைக் குறிவைத்துக் கணக்கின் வரிசையை மாற்றியடுக்கிய புதிய கொம்பைலர், ஐ.பி.எம். இயந்திரமொன்றில் அந்த ஒரு நிரலை ஒன்பது மடங்குக்கு மேல் வேகமாக்கியது. இயந்திரம் அதே இயந்திரம். 1992 தொகுதியில் மேட்ரிக்ஸ்300ஐ ஸ்பெக் கழற்றிவிட்டது.

அது பழைய காலம் என்று சொல்ல முடியாது. 2024 பெப்ரவரியில் அதே ஸ்பெக் அமைப்பு, இன்டெல் புரொசெசர்களில் எடுத்த 2,600க்கும் மேற்பட்ட பெறுபேறுகளை விதிக்கு ஒவ்வாதவை என்று குறித்தது. இன்டெலின் கொம்பைலர், தொகுதியில் இருந்த ஒரு குறிப்பிட்ட நிரலையும் அதன் தரவையும் முன்கூட்டியே அறிந்து, அதற்கு மட்டும் பெரிதாக உதவும் மாற்றமொன்றைச் செய்தது என்பது காரணம். இதற்கு முன்னும் அந்த நிறுவனத்தின் கொம்பைலர் சர்ச்சையில் மாட்டியதுண்டு. அது ஆக்கிய நிரல் ஓடும்போது புரொசெசர் எவருடையது என்று பெயரைக் கேட்கும். இன்டெல் என்றால் வேகமான பாதை, வேறு நிறுவனம் என்றால், அதே வசதிகள் இருந்தாலும், மெதுவான பாதை. டென்மார்க்கின் ஆக்னர் பாக் இதை விரிவாக எழுதினார். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு இன்டெல் 2010இல் செய்துகொண்ட இணக்கத்தில் இந்த விடயமும் அடங்கியது. ஆக, அந்தக் கொம்பைலரை வைத்து இன்டெல் புரொசெசரையும் ஏஎம்டி புரொசெசரையும் ஒப்பிட்டவர்கள், தெரியாமலே, புரொசெசரின் பெயர்ப்பலகையையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள்.

சரி, எல்லோரும் நேர்மையாக இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அளவு நழுவுகிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு இரண்டு படகுகளில் எது வேகம் என்று கேட்டால், தீவில் எவரும் உடனே பதில் சொல்லமாட்டார்கள். சோளகக் காற்றுக் காலத்தில் போகும்போது காற்று எதிரே, திரும்பும்போது பின்னால். ஒன்றில் சீமெந்து மூட்டையும் மற்றதில் ஆட்களும் ஏற்றியிருந்தால் கணக்கே வேறு. காற்றும் சுமையும் இன்னதென்று சொல்லாமல் நிமிடத்தை மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை. கணினிக்குள்ளும் இப்படிக் காற்று உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. டொட் மிட்கோவிச்சும் மூன்று சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைக் காட்டியது. யுனிக்ஸில் நிரல் தொடங்கும்போது பாவனையாளர் பெயர், கோப்புறை விவரம் போன்றவை நினைவகத்தில் ஓரிடத்தில் ஏற்றப்படும். அவற்றின் மொத்த நீளம் மாறினால் நிரலின் தரவு நினைவகத்தில் சற்றுத் தள்ளி உட்காரும். அது உட்காரும் இடத்தைப் பொறுத்து வேகம் மாறும். நிரலின் பகுதிகளை எந்த வரிசையில் கோத்தோம் என்பதற்கும் அதே விளைவு. நீண்ட பெயர் கொண்டவர் அளந்தால் கொம்பைலரின் ஓ3 என்ற வேகப்படி அதற்குக் கீழ்ப்படியான ஓ2ஐ விட நல்லது, குறுகிய பெயர்க்காரர் அளந்தால் மோசம் என்று முடிவே தலைகீழாகலாம். அவர்கள் அலசிய 133 ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றுகூட இதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்து மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும், நினைவக அமைப்பை ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றி மாற்றிக் கலைத்து அளந்தார்கள். கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் ஓ2வுக்கும் ஓ3க்கும் இடையிலான வேறுபாடு, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வேகம் பொய்யல்லவே, வானிலைக் கணிப்புக்கும், பல்லாயிரம் கணினிகள் இரவுபகலாக ஓடும் தரவு நிலையங்களுக்கும், நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் கூடினாலும் மின்கட்டணத்தில் அது பெரிய தொகையாயிற்றே? உண்மைதான். கொம்பைலரே வேகத்தைக் கூட்டுவதில்லை என்று நான் சொல்லவில்லை. வேகப்படுத்தாமல் மாற்றிய நிரலுக்கும் ஓ2வில் மாற்றிய நிரலுக்கும் இடையே மடங்குக் கணக்கில் வித்தியாசம் வரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் உதய் பொந்துகுலா உருவாக்கிய புளூட்டோ போன்ற கருவிகள், அடுக்கடுக்கான சுற்றுகளை வரிசை மாற்றிப் பெரிய வேகத்தைப் பெற்றுத் தருகின்றன. ஆனால் வேகம் காசாகும் இடத்தில் இருப்பவர்கள் பொது அட்டவணையை நம்பி வாங்குவதில்லை. தங்கள் நிரலை, தங்கள் இயந்திரத்தில், தங்கள் தரவோடு ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த அளவீடு அவர்களுக்குப் பெறுமதியானது, அடுத்தவருக்கு அதிகம் உதவாது. மற்ற எல்லோருக்கும் 1998இல் டொட் புரோப்ஸ்டிங் அரைக் கேலியாகச் சொன்ன கணக்கு நினைவில் இருக்கட்டும்: கொம்பைலர் ஆராய்ச்சியின் முன்னேற்றம் கணினி வேகத்தை இரட்டிப்பாக்கப் பதினெட்டு வருடம் எடுக்கும். வன்பொருள்காரர்கள் அக்காலத்தில் பதினெட்டு மாதத்தில் செய்த வேலை அது.

வேகத்தை ஒதுக்கினால் ஒப்பிட என்ன இருக்கிறது? விடைகள் இருக்கின்றன. சி மொழியின் தரநிலை பல விடயங்களைக் கொம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. சிலவற்றைச் 'செய்யாதே, செய்தால் என்ன நடக்கும் என்று உத்தரவாதமில்லை' என்று ஒதுக்கியிருக்கிறது. தமிழோடு சம்பந்தப்பட்ட உதாரணம் ஒன்றையே எடுப்போம். 'அ' என்ற எழுத்து யூனிக்கோட்டின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது: 224, 174, 133. சி மொழியில் எழுத்தை வைக்கும் 'சார்' என்ற வகை, மறை எண்ணையும் ஏற்குமா என்பதைத் தரநிலை தீர்மானிக்கவில்லை. சன் வேர்க்ஸ்டேஷனில் ஏற்கும். சிலிக்கன் கிராபிக்ஸ், ஐ.பி.எம். இயந்திரங்களின் கொம்பைலர்களில் வழக்கமாக ஏற்காது. இன்றும் மேசைக் கணினியில் ஜிசிசி அதை மறை எண் ஏற்பதாக எடுக்கும், ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் லினக்ஸ் கணினியில் ஏற்காததாக எடுக்கும். அப்படியானால் அதே 'அ' ஓரிடத்தில் 224, 174, 133; இன்னோரிடத்தில் -32, -82, -123. எழுத்துகளை எண்ணும் ஒரு சின்ன நிரல், அந்த எண்ணையே அட்டவணையின் வரிசை எண்ணாகப் பயன்படுத்தினால், ஆர்ம் கணினியில் ஒழுங்காக ஓடும். மேசைக் கணினியில் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் எவருடையதோ நினைவகத்தில் போய் எழுதும். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே இருப்பதால் ஆங்கிலத்தில் சோதித்த எவருக்கும் இந்தப் பிழை கண்ணில் படாது. தமிழ் எழுத்து முதன்முதலாக நுழையும்போதுதான் வெடிக்கும். தமிழில் இயங்காத பழைய மென்பொருள்கள் பலவற்றின் கதை இதுவே. இந்தப் பிழையைப் பிடிக்க அதிமேதை தேவையில்லை. இரண்டு இடத்தில் மாற்றி ஓட்டி, விடை வேறுபடுகிறதா என்று பார்த்தால் போதும். ஒரே கணினியில் என்றால், 'சார்' மறை எண் ஏற்கவேண்டாம் என்று கொம்பைலருக்குச் சொல்லும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டும் போடாமலும் பார்க்கலாம்.

ஒற்றைக் கொம்பைலரோடு வளர்ந்தவர்களுக்கு இது பிடிபடுவது கடினம். தமிழ்நாட்டின் கல்லூரிகளில் போர்லாண்டின் டேர்போ சி, வெளிவந்து இருபது வருடம் கடந்தும் ஆய்வுகூடப் பாடமாக நீடித்தது. அதில் முழு எண்ணுக்கு இரண்டு பைட்டு. அதைப் பார்த்த மாணவர்கள் சி மொழியிலேயே முழு எண் இரண்டு பைட்டுத்தான் என்று மனனம் செய்தார்கள். இன்றைய கணினிகளில் அது நான்கு. வேலைத் தேர்வுகளில் வரும் ஒரு வகைக் கேள்வி இன்னும் வேடிக்கையானது: ஒரே மாறியை ஒரே கூற்றில் இரண்டு தடவை கூட்டிவிட்டு, விடை என்ன என்று கேட்பார்கள். தரநிலையின்படி அதற்கு விடையே இல்லை. ஜிசிசி ஒன்று சொல்லும், கிளாங் வேறொன்று சொல்லும், இரண்டும் சரி. வினாத்தாள் தயாரித்தவர் தன் கணினியில் இருந்த ஒரு கொம்பைலரின் பழக்கத்தை மொழியின் இலக்கணமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. பக்கத்தில் இன்னொன்று இருந்திருந்தால் கேள்வியே பிறந்திருக்காது.

பிழை நிரலில் மட்டுமல்ல, கொம்பைலரிலேயே இருக்கலாம். அதையும் இரண்டாவது கொம்பைலரை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜோன் ரெகரும் அவருடைய மாணவர்களும் சகாவும் சிஸ்மித் என்ற கருவியை உருவாக்கினார்கள். அது தன்பாட்டில் ஒழுங்கான சி நிரல்களை எழுந்தமானமாக எழுதித் தள்ளும். ஒவ்வொன்றையும் பல கொம்பைலர்களில் மாற்றி ஓட்டி விடைகளை ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒரே விடை சொன்னால் அடுத்த நிரல். ஒன்று மட்டும் விலகினால் பெரும்பாலும் பிழை அங்கேதான். சரியான விடை என்னவென்று எவருக்கும் முன்கூட்டித் தெரியவேண்டிய அவசியமில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு. 2011இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை வரைக்கும் மூன்று வருடத்தில் 325க்கும் மேற்பட்ட, அதுவரை எவரும் அறியாத பிழைகள் அகப்பட்டன. சோதித்த கொம்பைலர் ஒவ்வொன்றும் ஏதாவதொரு தடவை, எச்சரிக்கை எதுவும் இல்லாமல், பிழையான கட்டளைகளை ஆக்கியது. பிரான்சில் சேவியர் லெருவா கணித நிறுவலோடு கட்டிய கொம்ப்சேர்ட் மட்டும், நிறுவிய பகுதிகளில் அந்த வகைப் பிழை இல்லாமல் தப்பியது. கொம்ப்சேர்ட் வேகப் பந்தயத்தில் பின்தங்கியே வரும். அட்டவணையில் கடைசிக்குக் கிட்ட நிற்கும் கொம்பைலர்தான் எல்லாவற்றிலும் நம்பகமானது என்றால், அந்த அட்டவணையை வைத்து நாம் என்ன செய்வது?

தீவுகளுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. எழுவைதீவில் காற்று, சூரியன், டீசல், பற்றரி நான்கையும் இணைத்த மின்னமைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இதே பாணியில், ஆனால் பெரிதாக, இந்தியாவின் 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடையில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்று விழுந்ததும் பற்றரிக்கு மாறுவது, பற்றரி இறங்கியதும் டீசலை எழுப்புவது போன்ற முடிவுகளை இத்தகைய அமைப்புகளில் எடுப்பவை சின்னஞ்சிறு கட்டுப்பாட்டுக் கணினிகள். அந்த வகைக் கணினிகளுக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் சி மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். அங்கே நிரல் நூறில் ஒரு விநாடி பிந்தி முடிவெடுப்பதைவிட, வேகத்துக்காகக் கொம்பைலர் ஒரு சரிபார்ப்பை நீக்கிவிடுவது பயங்கரம். நடக்காது என்று சொல்லாதீர்கள். 2009இல் லினக்ஸ் கேர்னலின் வலையமைப்புப் பகுதி ஒன்றில், ஒரு முகவரி வெறுமையா என்று சோதிக்கும் வரி, அந்த முகவரியைப் பயன்படுத்தும் வரிக்குக் கீழே எழுதப்பட்டிருந்தது. ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே வெறுமையாக இருக்க முடியாது என்று தர்க்கம் பண்ணிய ஜிசிசி, சோதனை வரியையே அழித்தது. தரநிலையின்படி ஜிசிசி செய்தது சரி. ஆனால் அந்த அழிப்பால் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றக்கூடிய ஓட்டை பிறந்தது. அந்த வகை அழிப்பை நிறுத்தும் தெரிவோடுதான் கேர்னலை அதன்பின் மாற்றுகிறார்கள். வேகமாக்கத் தெரிந்த கொம்பைலர் என்ற பெருமைக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

இன்னும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், 1984இல் அச்சான தன் டூரிங் விருது உரையில் ஒரு சதியை விளக்கினார். கொம்பைலருக்குள் ஒரு கள்ளத்தனத்தை ஒளித்து, அந்தக் கொம்பைலர் தன்னைத்தானே மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதே கள்ளத்தனத்தைத் திரும்பச் சேர்க்குமாறு செய்யலாம். பிறகு மூல நிரலிலிருந்து அதை அழித்துவிட்டால், மூலத்தை எத்தனை தடவை வாசித்தாலும் ஒன்றும் தெரியாது. திறந்த மூலம் என்று நெஞ்சு நிமிர்த்துபவர்களுக்கு இது அடிவயிற்றில் விழுந்த குத்து. பதில் கிடைக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. டேவிட் வீலர் 2009இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முழுமையாகக் காட்டிய வழி இது: சந்தேகத்துக்குரிய கொம்பைலரின் மூல நிரலை, சம்பந்தமே இல்லாத வேறொரு கொம்பைலரால் மாற்றுங்கள், அப்படி வந்ததைக் கொண்டு அதே மூலத்தை மறுபடி மாற்றுங்கள், கடைசியில் வருவது சந்தேகக் கொம்பைலரோடு பைட்டுக்குப் பைட்டு ஒத்திருக்க வேண்டும். ஒத்தால் கள்ளம் இல்லை. அந்த வேறொரு கொம்பைலர் மெதுவானதாக, அழகில்லாததாக இருந்தாலும் பரவாயில்லை. அதே கள்ளத்தனம் அதற்குள்ளும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு கொம்பைலர்களைப் பராமரிப்பது வீண் செலவு, எல்லோரும் ஒன்றில் சேர்ந்து உழைத்தால் அது இன்னும் சிறக்குமே என்று சொல்வோர் உண்டு. சந்தை அந்தப் பக்கமாகத்தான் நகர்கிறது. இலினோய் பல்கலைக்கழகத்தில் 2000இல் கிறிஸ் லட்னர் என்ற மாணவரும், பம்பாய் ஐஐடியில் படித்துப் போன விக்ரம் அட்வே என்ற பேராசிரியரும் தொடங்கிய எல்எல்விஎம், ஆப்பிளின் ஆதரவில் வளர்ந்து கிளாங்கைப் பெற்றது. இன்று ஆர்ம், ஐ.பி.எம்., இன்டெல் ஆகியவை தங்கள் சொந்தப் பழைய கொம்பைலர்களை விட்டு எல்எல்விஎம் மேல் கட்டிய புதியவற்றுக்கு மாறிவிட்டன. பெயர்ப்பலகைகள் வேறு, அடியில் இருப்பது ஒன்று. இதனால் உழைப்பு மிச்சம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே அடித்தளத்தில் கட்டிய ஐந்து கொம்பைலர்கள் ஒரே விடை சொல்வது ஐந்து பேரின் சாட்சியம் ஆகாது. எதிர்ப்பக்கத்தில் ஜிசிசி நிற்பதால்தான் ஒப்பீட்டுக்கு இன்னும் பொருள் இருக்கிறது. போட்டியால் வந்த நன்மையும் கண்முன்னே தெரிகிறது: பிழைச் செய்தியில் பிழை உள்ள இடத்தையே அம்புக்குறி போட்டுக் கிளாங் காட்டத் தொடங்கிய பிறகு, 2013இல் ஜிசிசியும் அதைச் செய்தது. கூகுள் தன் பிக்சல் தொலைபேசிகளின் கேர்னலைக் கிளாங்கால் மாற்ற முயன்றபோது, இத்தனை வருடமாக ஜிசிசி பொறுத்துப்போன குறைகள் கேர்னலில் வெளிவந்தன. சென்னை ஐஐடி தன் சக்தி புரொசெசரை வடிவமைத்து, 2018இல் அதில் லினக்ஸை ஓட்டிக் காட்டியதற்கும் பின்னணி இத்தகைய திறந்த கொம்பைலர்கள்தான். ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுதியை அவர்கள் எடுத்துக்கொண்டதால், கொம்பைலரைப் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய வேர்க்ஸ்டேஷன் காலத்தில் புரொசெசர் செய்தவரே பெரும்பாலும் கொம்பைலரும் செய்தார்.

கடைசி மறுப்பு நடைமுறை பற்றியது. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒரு பாடசாலையின் கணினி அறையில், பழைய இயந்திரங்களை வைத்துக்கொண்டு இரண்டு கொம்பைலரா? ஆம். உபுந்து லினக்ஸில் இரண்டும் இலவசம், இரண்டையும் ஒரே கட்டளையில் நிறுவலாம். மாணவர் எழுதும் நிரல்களின் அளவுக்கு இரண்டாவது தடவை மாற்றுவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும் தெரிவைப் போட்டு இரண்டிலும் மாற்றுங்கள். ஒன்று காணாததை மற்றது காணும். நினைவக மீறல்களை ஓட்டத்தின்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இரண்டிலும் இருக்கிறது. மேலே சொன்ன 'அ' பிழையை அது காட்டிக்கொடுக்கக்கூடும். விடை வேறுபட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் நிரலைத்தான். பெரும்பாலும் பிழை அங்கேதான் அகப்படும். அப்படியும் அகப்படவில்லை என்றால், நிரலை வரி வரியாகக் குறைத்து, வேறுபாடு நிற்கும் ஆகச் சிறிய துண்டாக்க வேண்டும். இதைத் தானாகச் செய்துதரும் சி-ரெடியூஸ் என்ற கருவியும் யூட்டாவின் அதே குழுவிலிருந்து வந்ததுதான். கூகுளின் கோடைகால நிரல் திட்டத்தில் முதல் பத்து வருடத்தில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை. திறந்த மூல மென்பொருளில் கைவைக்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஜிசிசியும் எல்எல்விஎம்மும் பிழை முறைப்பாடுகளை எவரிடமிருந்தும் ஏற்கின்றன. கேட்பதெல்லாம் அந்தச் சின்னத் துண்டு, கொம்பைலரின் பதிப்பு எண், போட்ட தெரிவுகள், வந்த விடை, வந்திருக்க வேண்டிய விடை.